வாசகர் கேள்வி – பதில்: பதுவையில் ஐந்து நாட்கள்

கேள்வி: ஜெர்மனியில் பணிபுரியும் எங்கள் மகன், அக்டோபர் இறுதியில் எங்கள் இருவரையும் மூன்று வாரம் வந்து தங்குமாறு அழைத்திருக்கிறான். நடுவில் ஐந்து நாட்கள் இத்தாலி என்று சொல்லி, ரோம், பிளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலான் என நாளுக்கொரு நகராக அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறான். என் கணவருக்கு மூட்டுவலி உண்டு. சிறுவயதிலிருந்து செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போய்ப் பழகிய எனக்கு, வெனிஸுக்குப் பக்கத்தில் உள்ள பதுவையில் புனித அந்தோனியாரின் கல்லறையைப் பார்த்துவிட வேண்டும் என்பதே ஆசை. "அது சின்ன ஊர் அம்மா, அங்கே என்ன இருக்கிறது?" என்கிறான் மகன். நான் என்ன சொல்லட்டும்?
– ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: அம்மா, அட்டவணையை மகனிடமே திருப்பி அனுப்பிவிட்டு, ஐந்து நாட்களையும் பதுவைக்கே கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்தே நாளில் கன்னியாகுமரி, மதுரை, தஞ்சாவூர், சிதம்பரம், மாமல்லபுரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று ஒரு வெளிநாட்டவர் நம்மிடம் சொன்னால், அவர் பேருந்து நிலையங்களைத்தான் பார்த்திருப்பார் என்று நாம் மனத்துக்குள் சிரித்துக்கொள்வோம் அல்லவா? ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் வீணாகும். காலையில் பெட்டி கட்ட வேண்டும், பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ அறையைக் காலி செய்ய வேண்டும், ரயிலின் உயரமான படியில் பெட்டியைத் தூக்கி ஏற்ற வேண்டும், அடுத்த ஊரில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் அறை தருவார்கள் என்பதால் அதுவரை பெட்டியை எங்கே வைப்பது என்று அலைய வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு இதைவிடத் தண்டனை வேறில்லை.

அதோடு, அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பிறகு வட இத்தாலியில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று யாராவது சொன்னதை நம்பி அட்டவணை போடுகிறவர்கள், இலையுதிர்காலத்தில் பாதி இடங்களை இருட்டில்தான் பார்ப்பார்கள்.

பதுவை சின்ன ஊர் என்பது பாதி உண்மைதான். ஆனால் அங்கே இருப்பவை சின்னவை அல்ல. அந்தோனியார் 1195-ஆம் ஆண்டு லிஸ்பனில் பிறந்தவர் என்பதும், 1231 ஜூன் 13 அன்று பதுவையின் எல்லையில் உயிர்நீத்தார் என்பதும், ஓராண்டுக்குள், 1232 மே 30 அன்று, புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதுவை மக்கள் அவருடைய பேராலயத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை; 'இல் சாந்தோ', அதாவது 'புனிதர்', என்ற ஒரே சொல்தான். டிராம் நிறுத்தத்தின் பெயரும் அதுவே. கல்லறைப் பீடத்தின் பின்புறம் கருமை கலந்த பச்சைப் பளிங்குப் பலகை ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் வரிசையாக நின்று அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சில நொடி நிற்கிறார்கள். ஓரங்களில் குழந்தைகளின் படங்களும், விபத்தில் நசுங்கிய வாகனங்களின் படங்களும், கையால் எழுதிய நன்றிக் கடிதங்களும் செருகப்பட்டிருக்கும். நம் ஊர்க் கெபிகளில் பார்த்துப் பழகிய காட்சிதான், எழுத்து மட்டும்தான் வேறு. 1263-இல் பேழையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க நாவு மட்டும் அழியாமல் இருந்ததாகச் சொல்லப்படும் அந்தத் திருப்பண்டம், பீடத்துக்குப் பின்னால் உள்ள சிற்றாலயத்தில் தனிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், சேலை கட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நவநாளைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் அடக்கம் செய்யப்பட்ட 1231 ஜூன் 17 ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமை அவருக்குரியதாக ஆனதே அதனால்தான். எனவே ஐந்து நாட்களில் ஒரு செவ்வாய் பதுவையில் வருமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதால், திங்களன்று வந்து சேர்வது நல்ல கணக்கு.

ஆசிரியைக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன், மகனிடம் சொல்ல உதவும். பதுவைப் பல்கலைக்கழகம் 1222-இல் தொடங்கியது. அதன் பழைய கட்டடமான பலாத்சோ போவில், 1595-இல் மரத்தால் கட்டிய உடற்கூறியல் அரங்கு இன்றும் அப்படியே நிற்கிறது. புனலைப் போல உள்ளே குறுகிக்கொண்டே இறங்கும் ஆறு நீள்வட்ட அடுக்குகள். அடியில் உடலைக் கிடத்தும் மேசை. மாணவர்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள். அதைக் கட்டுவித்த ஃபாப்ரீசியுஸ்தான் சிரைகளில் உள்ள வால்வுகளைப் பற்றி 1603-இல் நூல் எழுதியவர். அவரிடம் படித்து 1602-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய மாணவர்தான், பின்னாளில் இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி. இரத்த ஓட்டத்தைக் கரும்பலகையில் எத்தனை ஆண்டுகள் வரைந்திருப்பீர்கள்! அந்தப் பாடம் முளைத்த இடத்தை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும் என்பதால் முன்பதிவு தேவை. அதே கட்டடத்தில், 1678-இல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி எனப் போற்றப்படும் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியாவின் சிலையும் இருக்கிறது. கலிலியோ 1592 முதல் 1610 வரை பாடம் நடத்தியதும் இங்கேதான்.

1545-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா அந்தோனியார் ஆலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே 1585-இல் நட்ட பனை வகை மரம் ஒன்றை எண்கோணக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துப் போற்றுகிறார்கள். ஜெர்மானியக் கவிஞர் கொய்தே 1786-இல் அதைப் பார்த்துத் தாவரங்களின் உருமாற்றத்தைப் பற்றிச் சிந்தித்ததால் அது 'கொய்தேயின் பனை' ஆகிவிட்டது. என்னோடு வந்த ராஜாக்கமங்கலத்து நண்பர் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "எங்க விளையில நிக்கப்பட்ட பனைய இவனுவ பாத்தா எத்தன கண்ணாடி வீடு கெட்டுவானுவ!" என்றார். அவர் சிரித்தாலும், நானூற்று நாற்பது ஆண்டுகளாக ஒரு மரத்துக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமையை நான் மதிக்கிறேன்.

உங்கள் கணவருக்காக ஒன்று. பதுவை சமதளமான ஊர். பழைய தெருக்களின் இருபுறமும் வீடுகளின் மேல்மாடி முன்னால் நீண்டு, தூண்கள் தாங்கும் நடைபாதையாக அமைந்திருப்பதால், ஐப்பசி மழை போலக் கொட்டினாலும் குடையில்லாமல் பாதி ஊரைச் சுற்றிவிடலாம். ரயில் நிலையத்திலிருந்து ஆலயத்துக்கும் பிராத்தோ தெல்லா வாலே என்னும் பெரிய சதுக்கத்துக்கும் டிராம் செல்கிறது. நீர்க்கால்வாயும் 78 சிலைகளும் சூழ்ந்த அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஒரு மாலையைக் கழிக்கலாம். காலையில் பலாத்சோ தெல்லா ராஜோனேயின் இருபுறமும் கூடும் காய்கறிச் சந்தைக்குப் போங்கள். வடசேரிச் சந்தையின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்தச் சந்தை. இலையுதிர்காலத்தில் பூசணியும் காளானும் கஷ்கொட்டையும் செந்நிற ராதிக்கியோ கீரையும் குவிந்திருக்கும். கழுத்தில் புன்னை இலை போன்ற இலைகளால் கட்டிய மாலையோடு இளைஞர் ஒருவர் நண்பர்கள் சூழக் கேலிப் பாட்டுக்கு நடுவே நின்றால் பயப்பட வேண்டாம், அன்றைக்குப் பட்டம் வாங்கியவர். தலைக்கோ கழுத்துக்கோ அந்த வாகை மாலையைப் போட்டு, அவரைப் பற்றிய கேலிச் சுவரொட்டியை உரக்க வாசிக்கவைப்பது அந்த ஊர் வழக்கம்.

வெனிஸை விட்டுவிடச் சொல்லவில்லை. பதுவையிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்தான். ஒரு பகலோ இரண்டு பகலோ போய்விட்டு இரவு திரும்பிவிடுங்கள். அறை வாடகையும் வெனிஸைவிடப் பதுவையில் பொதுவாகக் குறைவு.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் வெனிஸில் கடல் ஊருக்குள் ஏறும் என்கிறார்களே. நான் கடலோரத்தில் பிறந்தவன், தண்ணீருக்குப் பயந்து கேட்கவில்லை. போன இடத்தில் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டி வருமா?
– வாசகர், குளச்சல்

பதில்: கள்ளக்கடலைப் பார்த்தவருக்கு இதை விளக்குவது எளிது. கள்ளக்கடல் எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை. நம் கரையில் காற்றே இல்லாத நாளில் சொல்லாமல் வந்து ஏறும். வெனிஸின் 'ஆக்குவா ஆல்தா' அப்படியல்ல. ஏட்ரியாட்டிக் கடல் நீண்டு ஒடுங்கிய ஒரு வாய்க்கால் போன்றது. தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்று விடாமல் அடித்தால், தண்ணீர் முழுவதும் வடகோடியில் உள்ள வெனிஸ் மூலைக்குத் தள்ளப்படுகிறது; அதே நேரத்தில் அமாவாசை, பௌர்ணமி என்னும் வாவு நாளின் வேலியேற்றமும் சேர்ந்துகொண்டால் நகரம் நனைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது மிகுதி. காற்றும் நிலவும் சேர்வதை முன்னரே கணிக்க முடியும் என்பதால் நகராட்சி முன்னறிவிப்பு வெளியிடுகிறது.

1966 நவம்பர் 4 அன்று நீர்மட்டம் (தெருவிலிருந்து அல்ல, கடலின் அளவுகோல்படி) 194 செ.மீ. வரையும், 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. வரையும் ஏறியது. அந்தப் படங்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் 2020 அக்டோபர் 3 முதல் நிலைமை வேறு. லீதோ, மாலமொக்கோ, கியோஜா என்னும் மூன்று முகத்துவாரங்களின் அடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகளுக்குள் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால், அவை மிதந்தெழுந்து கடலைத் தடுத்து நிற்கின்றன. 'மோசே' என்று அதற்குப் பெயர். கடலைப் பிளந்த மோயீசனின் இத்தாலியப் பெயரும் அதுவே என்பதால் பொருத்தம் தானாக அமைந்துவிட்டது. 110 செ.மீ. எட்டும் என்று கணித்தால் கதவுகள் எழும்பும். அதற்குக் குறைவான ஏற்றத்தில், நகரிலேயே தாழ்வான சான் மார்கோ சதுக்கத்தில் கணுக்காலளவு நீர் நிற்கக்கூடும். பலகைப் பாலங்களைப் போட்டு மக்களை நடத்துகிறார்கள். ஏற்றம் வடிந்தால் சில மணி நேரத்தில் தரை தெரிந்துவிடும். ஆகவே அடைந்து கிடக்க வேண்டி வராது. நடக்கும் வேளையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். பதுவையில் தங்குகிறவருக்கு அந்தச் சிரமமும் இல்லை. முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு மறுநாள் போய்க்கொள்ளலாம்.

வெனிஸின் உண்மையான தொல்லை தண்ணீர் அல்ல, படிக்கட்டு. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் ஏறி இறங்கப் படிகள்தாம். மூட்டுவலி உள்ளவர்கள் ரயில் நிலைய வாசலிலேயே 1-ஆம் எண் படகில் ஏறி, பெருங்கால்வாய் வழியாகச் சான் மார்கோ வரை உட்கார்ந்தே போகலாம். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ என்பது நம் கணக்கில் அதிகம்தான். 25 யூரோவுக்கு ஒரு நாள் சீட்டு வாங்கினால் நாள் முழுவதும் ஏறி இறங்கலாம். 2024, 2025 ஆண்டுகளில் பகல்நேரப் பயணிகளிடம் வசூலித்த நகர நுழைவுக் கட்டணம் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான குறிப்பிட்ட நாட்களுக்கு உரியதாகவே இருந்தது.

கேள்வி: பதுவையில் ஓவியர் ஜொத்தோ தீட்டிய சிற்றாலயத்துக்குப் பதினைந்து நிமிடம்தான் அனுமதியாமே? அதற்குக் கட்டணமும் முன்பதிவும் வேறு. தேவையா?
– வாசகர், தக்கலை

பதில்: தேவை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் வசித்துக்கொண்டு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாமா? அந்த மெருகேறிய கருந்தரையைக் காக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறோம்; இங்கே ஓவியத்தைக் காக்க நம் மூச்சையே கழற்றிவைக்கச் சொல்கிறார்கள். இருபத்தைந்து பேர் கொண்ட குழுவை முதலில் ஒரு கண்ணாடி அறையில் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, நம்மோடு வந்த ஈரமும் தூசும் அடங்கிய பிறகே உள்கதவைத் திறக்கிறார்கள். ஈரமும் புகையும் சுவரோவியத்தின் சுண்ணத்தைத் தின்றுவிடும் என்பதுதான் காரணம்.

என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி என்னும் செல்வந்தர் கட்டியது இது. அவருடைய தந்தை வட்டித் தொழிலில் பேர் பெற்றவர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவரை நரகத்தில் வட்டிக்காரர்களோடு உட்காரவைத்துவிட்டார். மகன் கோவில் கட்டி அந்தப் பாவத்தைக் கழுவ நினைத்தார் என்பார்கள். ஜொத்தோ 1303-க்கும் 1305-க்கும் இடையில் சுவர் முழுவதும் மரியாவின் வாழ்வையும் இயேசுவின் வாழ்வையும் வரைந்தார். கூரை முழுவதும் நீலம், பொன் விண்மீன்கள். யூதாசு முத்தமிடும் காட்சியை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். மஞ்சள் மேலாடையை விரித்து இயேசுவை மூடிவிட்டான் யூதாசு. சுற்றிலும் ஈட்டியும் தீவட்டியும். நடுவில் இரண்டு முகங்கள் மட்டும் ஒன்றையொன்று உற்றுப் பார்க்கின்றன. மீதிப் பத்து நிமிடம் உங்கள் விருப்பம். வருவதற்குச் சில வாரங்கள் முன்பே இணையத்தில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த வேளைக்குப் பிந்தினால் காத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: மகன் ஜெர்மனியில், சுற்றுலா இத்தாலியில். எந்த நாட்டு விசா வாங்க வேண்டும்?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பகுதி ஜெர்மனி என்றால் ஜெர்மன் விசா. அது ஷெங்கன் விசா என்பதால் இத்தாலிக்கும் செல்லும். இரு நாடுகளிலும் சம நாட்கள் என்றால், முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு தெரியப் பதினைந்து நாள் என்பது விதி, சில வேளை நாற்பத்தைந்து நாள் வரை நீளும். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருப்பதால், விமானம் மாறுவதற்கு இடையே தாராளமாக நேரம் விட்டுச் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரயில் சீட்டில் கவனிக்க வேண்டியது உண்டா?
– வாசகர், இரணியல்

பதில்: மூன்று. இத்தாலியச் செயலிகளில் ஊர்ப் பெயர் 'பாதோவா' என்றும் 'வெனேத்சியா' என்றும்தான் இருக்கும். நாம் சொல்லும் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். வெனிஸில் 'மெஸ்த்ரே' என்பது நிலத்தின் பக்கம் உள்ள நிலையம். அங்கே இறங்கினால் பேருந்தும் அடுக்குமாடியும்தான் தெரியும். கடலின்மேல் போட்ட பாலத்தைக் கடந்து 'சாந்தா லூச்சியா' வரை உட்கார்ந்திருங்கள். மூன்றாவது, நான் பணம் கொடுத்துக் கற்றது. வட்டார ரயிலுக்கு வாங்கிய காகிதச் சீட்டை நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பெற்ற பிறகே ஏற வேண்டும். சீட்டுதான் கையில் இருக்கிறதே என்று நான் ஏறி அமர்ந்துவிட்டேன். பரிசோதகர் மிகவும் மரியாதையாகச் சீட்டைத் திருப்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாக அபராதமும் எழுதிக் கொடுத்தார். தவறு முழுவதும் என்னுடையது.

நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா, அங்கே அரசு விடுமுறை. அதையொட்டிய நாட்களில் உள்ளூர்க் கூட்டம் ரயிலிலும் விடுதியிலும் நிரம்பும். அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஊரிலிருந்து எதைக் கொண்டுபோகலாம்? குளிர் எப்படி?
– வாசகி, குலசேகரம்

பதில்: குளிர் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அக்டோபர் இறுதியில் பகல் பதினைந்து பாகையை ஒட்டியும், இரவு பத்துக்குக் கீழேயும் இருக்கும்; நவம்பரில் 'போ' ஆற்றுச் சமவெளியின் மூடுபனி சேர்ந்துகொள்ளும். ஒரே கனத்த ஆடையைவிட அடுக்கடுக்காக இரண்டு மூன்று மெல்லிய ஆடைகளும், நனையாத காலணியும் உதவும்.

அரிசி கிடைக்கும். ரிசோத்தோ என்று பெயர். சாறு முழுவதையும் குடித்துக் குழைந்திருக்கும், ஆனால் பல்லில் கடித்தால் நடுவில் ஓர் உறுதி இருக்கும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் பதம். இலையுதிர்காலத்தில் பூசணி ரிசோத்தோவும் காளான் ரிசோத்தோவும் சிறப்பு. சைவர்கள் இறைச்சிச் சாற்றில் வேகவைத்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு உணவு பெரும்பாலும் ஏழரைக்கு மேல்தான். பில்லில் 'கொபேர்த்தோ' என்று ஒரு தொகை இருந்தால் அது மேசைக்கான கட்டணம், ஏமாற்று அல்ல. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

கொண்டுபோவதில் விதி கடுமையானது: பால் சேர்ந்த எதுவும், நெய்யும் பால்கோவாவும் உட்பட, கூடாது, இறைச்சியும் கூடாது. மீனுக்கு அளவோடு அனுமதி உண்டு என்பதால் கருவாட்டைச் சட்டம் தடுக்காது. உடன் பயணிப்பவர்கள் தடுக்கக்கூடும். தேன் இரண்டு கிலோ வரை எடுத்துச்செல்லலாம். பழங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும், வாழைப்பழத்துக்கு வேண்டாம். ஆகவே மட்டிப்பழம் தாராளமாகச் செல்லலாம். காயாகப் பார்த்து, கைப்பைக்குள் துணியில் சுற்றி எடுத்துச்செல்லுங்கள். பெட்டியில் போட்டால் போய்ச் சேரும்போது துணிக்குத்தான் மணம் இருக்கும்.